கண்ணாடியில் தெரிந்த எண்ணெய்

என் தங்கை கணவனின் வலது மணிக்கட்டு உடைந்ததற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, தேவையில்லாத நேரத்திலெல்லாம் வாய் கிழியப் பேசுவது என் பிறவிக் குணம். அதனால் வந்த வினை இது.

அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவன் என்னை மச்சான் என்பான். ஆனால் உறவு வருவதற்கு முன்பே நாங்கள் சிநேகிதர்கள், அதனால் வா, போ தான். ஒரு பெரிய தையற்கடையில் அவன் கட்டிங் மாஸ்டர். எட்டு மடிப்புத் துணியை அடுக்கி வைத்து, முழங்கை நீளக் கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டுவான். மேல் மடிப்புக்கும் அடி மடிப்புக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. நான் லிப்ட் பழுது பார்ப்பவன். நூலளவு வித்தியாசம் இருந்தால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிச் சரிசெய்கிற ஆள்.

வண்டி கிடைத்தது ஒரு மூடிய போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில். ஐம்பது சிசி, டூ-ஸ்ட்ரோக், எட்டங்குலச் சக்கரம். குழந்தைகளை உட்காரவைத்துப் படம் பிடிக்க வைத்திருந்தார்களாம். முப்பத்தைந்து வருடத்தில் அது ஓடியதைவிடப் போஸ் கொடுத்ததுதான் அதிகம். வளர்ந்த ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் முழங்கையை இடிக்கும். "சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கு" என்று என் தங்கை சிரித்தாள். நான்கூட முறைத்தேன். மாப்பிள்ளை அந்தக் கரடியாக இருப்பதில் பெருமைப்பட்டான்.

என் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் உண்டு. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கேதான் பதினோரு மாதம், ஞாயிறுதோறும் வேலை நடந்தது. முதல் நாளே சண்டை. அவனுக்கு வண்டி பிறந்தபோது இருந்த மாதிரியே இருக்கவேண்டும். எனக்கு அது பறக்கவேண்டும். கடைசியில் ஒப்பந்தம் போட்டோம்: வெளியே தெரிவதெல்லாம் அவன் இஷ்டம், உள்ளே இருப்பதெல்லாம் என் இஷ்டம். அவன் பழைய பெயிண்டைச் சுரண்டி, அடியில் மறைந்திருந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டுபிடித்து, அதையே கலந்து அடித்தான். சீட்டுக்குத் தன் கடை மெஷினிலேயே உறை தைத்தான், ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங்கோடு. நான் புது பிஸ்டனும் பெரிய கார்புரேட்டரும் போட்டேன், வயிறு புடைத்த சைலன்சரை வளைத்துப் பொருத்தினேன், சிலிண்டரின் வாய்களை அரத்தால் ராவி அகலப்படுத்தினேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாப்பிள்ளை என்னிடம் வாக்கு வாங்கினான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் போகவேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும். நிறைய வண்டிகளில் நாமே கலந்து ஊற்றுவோம். இந்த வண்டியில் எண்ணெய்க்குத் தனி டேங்க், அதன் பக்கத்தில் அளவு தெரிய ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, எண்ணெயை அளந்து அனுப்ப கட்டைவிரல் பருமனில் ஒரு பம்ப். அந்த பம்ப் மேல் அவனுக்குக் காதல். "இத்துனூண்டு சாமானுக்குள்ள எவ்வளவு மூளை பாரு மச்சான்! என்ன வேணா பண்ணு, இத மட்டும் கழட்டிடாதே" என்றான். பழைய கையேட்டின் நகலைப் பரீட்சைக்குப் படிப்பவன் போல அடிக்கோடிட்டுப் படித்தவன் அவன். கழட்டமாட்டேன் என்றேன்.

பம்ப் எனக்குப் பிடிகொடுக்கவில்லை. மூன்று தடவை பிரித்துச் சேர்த்தேன். ஒரு தடவை தெருவே புகையில் மறைந்தது, அடுத்த தடவை சொட்டுகூட வரவில்லை, மூன்றாம் தடவை இரண்டும் மாறி மாறி நடந்தது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். நான் அவனுக்கும் ஒருபடி மேல், கூடத்தையே பெயர்த்துவிட்டேன். ஒரு புதன்கிழமை விடுமுறையில் பம்பைக் கழற்றி, துளையை அலுமினியத் தகடு போட்டு மூடி, எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினேன். வண்டி சீறியது. அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாதே என்று, எதற்கும் உபயோகமில்லாத அந்த எண்ணெய் டேங்க்கையும் நிரப்பி வைத்தேன். குழாய்க்குள் ஒரு திருகாணியை முடுக்கி அடைத்து, பம்ப் இருந்த இடத்தை அதன் பழைய மூடியாலேயே மறைத்தேன். வட்டக் கண்ணாடியில் எண்ணெய் அழகாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவன் வந்ததும் வராததுமாகக் குனிந்து கண்ணாடியைப் பார்த்தான். "ஒரு சொட்டு லீக் இல்ல! நீ கை வெச்சா வெச்சதுதான் மச்சான்" என்று முதுகில் தட்டினான். என்னால் முடியவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மீசையைத் தடவிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோயிருந்தது. உள்ளே இரண்டு பேர். அதில் ஒருவர் வக்கீல், கதவுக்குப் பின்னாலிருந்தே என்மேல் எத்தனை வழக்குப் போடலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து போன்.

"மச்சான், இன்னிக்கு எனக்கு லீவு. வண்டிய எடுத்துட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா? ஆயில் பாத்துட்டேன், கண்ணாடி ஃபுல்லா இருக்கு."

"எடுத்துட்டுப் போயேன்யா. இதுக்கெல்லாமா ஒரு போனு!"

அவன் சொன்னது என் காதில் விழவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விழுந்தது. 'ஆயில் பாத்துட்டேன்' என்ற வார்த்தை நெஞ்சில் சுருக்கென்று குத்தவும் செய்தது. டேங்க்கில் கலந்து வைத்த பெட்ரோல் கொஞ்சம் இருக்கிறது, தெருவை ஒரு சுற்றுச் சுற்ற அது போதும் என்று கணக்குப் போட்டு போனை வைத்தேன். ஆனால் கடன் வாங்கிய குடையைக்கூடக் காயவைத்து மடித்துத் தருகிறவன் மாப்பிள்ளை. காலி பெட்ரோல் டேங்க்கோடு திருப்பி விடுவானா? நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போய், எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோலை நிரப்பியிருக்கிறான். பெரிய சாலையில், முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வலது கையை ஊன்றி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் முதலில் சொன்னது வலிக்கிறது என்றல்ல. "உன் பதினோரு மாச உழைப்ப ஒரே நாள்ல கெடுத்துட்டேன் மச்சான்."

"விடு மாப்ள. வண்டி போனாப் போகுது, நீ நல்லா இருந்தாப் போதும்" என்றேன்.

சுற்றி நின்ற சொந்தமெல்லாம் உருகிப்போனது. "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்!" என்று எங்கள் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு என் பெருந்தன்மைதான் உறவு வட்டாரத்தில் பேச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு மாலை போட்டதுதான் பாக்கி.

வீட்டுக்கு வந்து இன்ஜினைப் பிரித்தேன். சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் இழுபட்டு ஒட்டியிருந்தது. எண்ணெய் இல்லாமல் காய்ந்ததுதான், சந்தேகத்துக்கே இடமில்லை. அடுத்த வாரம் கையில் கட்டோடு மாப்பிள்ளை படிக்கட்டுக்குக் கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். "நான் ரொம்ப முறுக்கிட்டேனா?" என்று கேட்டான்.

"புது பிஸ்டன் இல்லையா... கொஞ்சம் வேகமாப் போயிட்ட போல."

நானேதான் சொன்னேன். அதுவரை மறைத்தது ஒரு பாவம் என்றால், இது அதற்குமேல் ஒரு பாவம். அவன் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டான்.

எலும்பு சேர்ந்தது. தகடும் ஆறு திருகும் உள்ளே இருக்கின்றன. வெந்நீர்க் குவளையைத் தூக்க முடிகிறது, கையெழுத்துப் போட முடிகிறது, பெரிய கத்தரியை மூட முடியவில்லை. இரண்டு மடிப்பிலேயே கை நடுங்கி, கோடு விலகிப்போகிறது. கடையில் அவனை முன்பக்கம் அளவெடுக்க வைத்தார்கள். அவன் அளவைச் சொல்ல, வேறொருவன் எழுதிக்கொண்டு போய் வெட்டினான். ஞாயிறுகளில் வந்து இடது கையால் எனக்கு உதவினான். ஒருநாள் இன்ஜின் இணைப்புக்கு நடுவில் வைக்கிற கேஸ்கெட் காகிதம் வெட்ட வேண்டியிருந்தது. சின்னக் கத்தரியை எடுத்தான், பார்த்தான், என்னிடம் நீட்டிவிட்டான். நான் கோணலாக வெட்டினேன். "பரவால்ல, ஒக்காந்துரும்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அரித்துத் தின்றது. ஆறாவது மாதம், மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. திட்டுவாள், கையில் இருப்பதை எறிவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவர்கிட்ட சொல்லாதே" என்றாள்.

"எப்படிம்மா சொல்லாம இருக்கறது?"

"இத்தன மாசம் எப்படி இருந்த? அப்படியே இரு. தன் தப்புதான்னு அழுது ஓஞ்சு இப்பதான் ராத்திரி தூங்கறாரு. அவருக்கு மனசு விட்டுப் பேச இருக்கிற ஒரே ஆளு நீதான்ணா. அதையும் புடுங்கிட்டா அவர் எங்க போவாரு? உனக்கு பாரம் எறங்கணும்னா வேற எங்கயாச்சும் போய் எறக்கு, என் வீட்ல வேண்டாம்."

மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. சொல்லாமல் இருக்க அனுமதி கிடைத்துவிட்டதல்லவா.

எட்டாவது மாதம் அந்த நிம்மதியும் போனது. கடை முதலாளி இன்னொரு கிளை திறந்தார். பதினொரு கட்டர்கள், அவர்களுக்கு மேலே மாப்பிள்ளை நின்று பார்த்துக்கொள்ளவேண்டும், கத்தரியைத் தொடவே வேண்டாம் என்று கூப்பிட்டிருக்கிறார். அந்த ஞாயிறு என்னிடம் சொன்னான், மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

"ஏன்டா?"

"எனக்கு அந்த தைரியம் வரல மச்சான். ஒரு சின்ன வண்டிய நம்பிக் குடுத்தே, அதையே பாத்துக்கத் தெரியல. எல்லாம் சரியாப் பண்றேன்னு நெனச்சுக்கிட்டேதான் கெடுத்தேன். பதினொரு பேர் வெட்டறதுக்கு நான் என்னத்த ஜவாப்தாரி ஆகறது?"

சிரித்துக்கொண்டே சொன்னான். போனது மணிக்கட்டு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! எட்டு மடிப்புத் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவனுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையையே நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.

சொன்னேன். தங்கை சொன்னது, நான் பயந்தது எதுவும் அப்போது நினைவில் இல்லை. பம்ப், தகடு, திருகாணி, கண்ணாடியில் தெரிந்த எண்ணெய், போனில் அவன் சொன்னது, அது என் காதில் விழுந்தது, வேகமாப் போயிட்ட என்று புளுகியது, ஒன்றுவிடாமல். முடித்ததும், "எங்க?" என்றான். பம்ப் மூடியைக் கழற்றிக் காட்டினேன். இடது கட்டைவிரலால் அந்த அலுமினியத் தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"அதிசயமா வேலை சுத்தமா இருக்கு" என்றான். பிறகு, "எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"கை ஒடஞ்சது ஒரு நிமிஷம் மச்சான். அது விடு, யாருக்கு வேணா ஆகும். எட்டு மாசம் என்னை எதிர்ல ஒக்கார வெச்சுப் பாத்துட்டு இருந்தியே."

காலில் விழலாமா என்று தோன்றியது, விழுந்திருந்தால் அவன் தூக்கித்தான் விட்டிருப்பான். அவன் எழுந்து, ஸ்டூலைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாளே முதலாளியைப் பார்த்து வேலையை ஒப்புக்கொண்டான். இப்போது அந்தக் கிளையில் அவன் சொல்வதுதான் சட்டமாம், தங்கை போனில் சொன்னாள். "நீ சொன்னது சரிதான்ணா. நான் தடுத்ததுதான் தப்பு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா என்ன பண்றதுன்னே தெரியாம வீட்டச் சுத்திச் சுத்தி வராரு" என்றாள். அவன் என் பக்கம் வரவில்லை. வண்டியை ஒழுங்காகச் சேர்த்தேன், ஒரே உதையில் கிளம்புகிறது. வெளியே எடுக்க மனம் இல்லை.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். எந்த வசவுக்கும் தயாராகத்தான் போனேன். கதவைத் திறந்தவன் மாப்பிள்ளை.

"வாங்க மச்சான், வாங்க. உக்காருங்க."

அந்த வீட்டில் நான் உட்கார்ந்ததே கிடையாது. நேராக அடுக்களைக்குப் போய் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் வழக்கம். அவன் நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டான், மின்விசிறியைக் கூட்டி வைத்தான், தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். என் உடம்பை விசாரித்தான், வேலையை விசாரித்தான். ஒரு குறை சொல்லமுடியாது. தங்கை கதவோரம் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துபோனது, எழுந்தேன். அவனும் எழுந்து என்கூடவே படியிறங்கி, தெருவாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான்.