முதலில் மயங்கியவள்

காலை அசெம்பிளியில் கேப்டன் விழுந்தபோது யாருக்கும் அது மயக்கம் என்று தோன்றவே இல்லை. ஷூ லேஸ் கட்டக் குனிகிறாள் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். பிறகு தலை தரையில் மோதிய சத்தம் கேட்டது.

வாலிபால் அணியின் கேப்டன் அவள். அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியில் சின்னக் குழந்தை முதல் சமையல்காரர் வரை எல்லாருக்கும் அவள் கேப்டன்தான். அவள் பந்தை அடித்தால் எதிர் அணி தடுப்பதற்குப் பதிலாக ஒதுங்கி வழிவிடும். அப்படிப்பட்டவளே வேரறுந்த மரம்போல விழுந்துவிட்டாள் என்றதும் பார்த்தவர்கள் வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடினார்கள்.

நர்ஸ் அக்கா மட்டும் ஓடவில்லை. வேகமாக நடந்து வந்தாள். இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள். "வீடே தீப்பிடிச்சாலும் நீ முதல்ல செருப்பைத் தேடுவே" என்று அவள் கணவர் கேலி செய்வார். "வெறுங்கால்ல ஓடினா சுடாதா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

கேப்டனைச் சிக் ரூமில் படுக்க வைத்து, கால்களைத் தலையணைமேல் உயர்த்தி, தலையில் அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். வீக்கம் மட்டும்தான். பிறகு கீழ் இமையை விரலால் இழுத்தாள். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. நகங்களும் அப்படியே.

"படியேறினா மூச்சு வாங்குதா?"

"கேம்ஸ் ஆடறவளுக்கு மூச்சு வாங்காதா அக்கா?"

"ஆடும்போது இல்ல. படியேறும்போது."

கேப்டன் கூரையைப் பார்த்தாள். "வாங்குது."

"மாசா மாசம் எத்தனை நாள் போகுது?"

"பத்து நாள்... சில சமயம் அதுக்கும் மேல." அவள் குரல் தாழ்ந்தது. "எல்லாருக்கும் அப்படித்தானே?"

"இல்லடி. எல்லாருக்கும் அப்படி இல்ல" என்றாள் நர்ஸ் அக்கா. அன்றே ரத்தம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் இன்னொருத்தி விழுந்தாள். அவளைத் தூக்கப் போனவளுக்குக் கை விரல்கள் மரத்துப்போயின. சாயங்காலத்துக்குள் கேப்டனின் அறைத் தோழிகள் ஒவ்வொருத்தியாகச் சாய்ந்தார்கள். மறுநாள் காலை சிக் ரூமில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரிக்க வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று ஒரு பேச்சு. புது பெயின்ட் வாசனையில் விஷம் என்று இன்னொன்று. பேய் அடித்துவிட்டது என்று மூன்றாவது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்து அந்தப் பேச்சுகள் பெற்றோரின் போன்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

பிரின்சிபாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஸ்கூலை மூடிடலாமா? எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"அனுப்புங்க மேடம். ஒவ்வொருத்தியும் பஸ்ல மயங்கி விழுவா."

"விளையாட்டா இருக்கா உனக்கு?"

"இல்ல மேடம். தொட்டித் தண்ணியை டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் கேன் தண்ணி குடிக்கட்டும். ஆனா ஒவ்வொரு பிள்ளையா பார்த்துட்டேன். பி.பி. சரியா இருக்கு, சுகர் சரியா இருக்கு, காய்ச்சல் இல்ல. பயத்துல மூச்சை வேகவேகமா இழுக்கறாங்க. அப்படி இழுத்தா விரல் மரத்துப்போகும், தலை சுத்தும். அதைப் பார்த்து அடுத்தவளுக்கு பயம் வரும்."

"அப்போ நடிக்கறாளுங்களா?"

"நடிப்பு இல்ல மேடம், அந்த வார்த்தையே வேண்டாம். ஒருத்தர் கொட்டாவி விட்டா நமக்கும் வருது. நாம நடிக்கவா செய்யறோம்?"

சொன்ன கையோடு பிரின்சிபாலுக்கு ஒரு கொட்டாவி வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாத மனுஷி. வாயைப் பொத்திக்கொண்டு, "சரி, என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

முதல் வேலையாக நர்ஸ் அக்கா சிக் ரூமைக் கலைத்தாள். ஒருத்தி முனகுவதை இன்னொருத்தி கேட்கும்படி வரிசையாகப் படுக்க வைத்தால் விடியும்வரை முனகுவார்கள். ஒருத்தியை நூலகத்துக்கு, ஒருத்தியை இசை அறைக்கு, ஒருத்தியைத் தோட்டத்து பெஞ்சுக்கு என்று பிரித்து அனுப்பி, ஆளுக்கு ஒரு டீச்சரைத் துணைக்கு வைத்தாள். மெதுவாக மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தாள். தேறியவளுக்குச் சாப்பாடு, சாப்பிட்டவளுக்கு வகுப்பு.

மதியம் டாக்டர் வந்தார். எல்லாரையும் பார்த்துவிட்டு நர்ஸ் அக்காவிடம், "நீங்க சொன்னது சரிதான். ஒருத்தியைத் தவிர" என்றார். கேப்டனின் ரிசல்ட் அவர் கையில் இருந்தது. இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஆடினாளோ என்று அவர் தலையை ஆட்டினார். இரும்புச்சத்து மருந்து எழுதினார், ஏன் இவ்வளவு போகிறது என்று பார்க்க இன்னும் சில டெஸ்ட்டும் எழுதினார்.

அதற்குள் கேப்டனின் அப்பா வந்துவிட்டார். பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலை உடையோடு, நகக்கண்ணில் கிரீஸோடு வந்து சிக் ரூம் வாசலிலேயே நின்றார். "பெட்டியைக் கட்டும்மா, போலாம். விஷத் தண்ணி குடுக்கற ஸ்கூல் நமக்கு வேண்டாம்."

"அண்ணே, உள்ள வந்து உக்காருங்க" என்றாள் நர்ஸ் அக்கா. "தண்ணி இல்ல காரணம். உங்க பொண்ணே சொல்லுவா."

கேப்டனின் முகம் சிவக்க வேண்டியது, ரத்தம் இல்லாததால் சிவக்கவில்லை. போர்வை நுனியைத் திருகியபடி, "அப்பா, பீரியட்ஸ்ல எனக்கு ரொம்பப் போகுதுப்பா. அதுல ரத்தம் குறைஞ்சுபோச்சு" என்றாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா! அம்மாகிட்ட சொல்ல மாட்டியா?"

"அம்மா அவங்களுக்கும் அப்படித்தான்னு சொன்னாங்க."

மனுஷன் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நர்ஸ் அக்காவிடம் திரும்பி, "ஆயில் லீக் ஆகற வண்டியை ரோட்டுல விடவே மாட்டேன் சிஸ்டர். வீட்டுல ரெண்டு பேர் இப்படி ஓடிட்டிருந்திருக்காங்க, எனக்குத் தெரியல பாருங்க" என்றார். மகளின் தலையில் வீங்கியிருந்த இடத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். பெட்டியைப் பற்றி மறுபடி பேசவில்லை.

சாயங்காலம் பள்ளி முழுவதையும் ஹாலுக்கு வரச்சொன்னாள் நர்ஸ் அக்கா. கூட்டம் கூடினால் மறுபடி விழுவார்களே என்று பிரின்சிபால் பதறினார்.

"எல்லாரையும் தரையில உக்கார வச்சிடலாம் மேடம். உக்காந்திருக்கறவ எங்க விழப்போறா?"

தான் பேசுவதாகத்தான் இருந்தாள். ஆனால் கேப்டன் வந்து, "அக்கா, என்னைப் பார்த்துத்தானே எல்லாரும் பயந்தாங்க. நானே சொல்றேன்" என்றாள். அப்பா நாற்காலி ஒன்றைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தாள். "எனக்கு விஷமும் இல்ல, பேயும் இல்ல. பீரியட்ஸ்ல ரத்தம் ரொம்பப் போயிருக்கு, அதான் விழுந்தேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டு ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். அது தைரியம்னு வேற நினைச்சிட்டேன். மடத்தனம்."

நடு வரிசையில் ஒருத்தி வேகமாக மூச்சிழுத்து, பக்கத்தில் இருந்தவள் மடியில் சாய்ந்தாள். எல்லாத் தலைகளும் திரும்பின.

"யாரும் எழுந்திரிக்காதீங்க" என்றாள் கேப்டன், ஆட்டத்தில் உத்தரவு போடும் அதே குரலில். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஏய், என்கூட மூச்சு விடு. மெதுவா. இன்னும் மெதுவா. எல்லாரும் விடுங்க."

ஹால் மொத்தமும் சேர்ந்து மூச்சு விட்டது. நர்ஸ் அக்கா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. சாய்ந்தவள் தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, "சாரி கேப்டன்" என்றதும் சிரிப்பு கிளம்பி, பின்வரிசை வரை போனது. பிரின்சிபாலும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் விழவில்லை. தண்ணீர் ரிசல்ட்டும் நல்லபடியாக வந்தது. சிக் ரூம் வாசலில் வேறொரு கூட்டம் சேர்ந்தது. "அக்கா, எனக்கும் பத்து நாள் போகுது." "அக்கா, நான் காலையில சாப்பிடறதே இல்ல." "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா பேசணும்." எல்லாரின் ரத்தத்தையும் பரிசோதிக்க டாக்டர் ஏற்பாடு செய்தார். குறைவாக இருந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். வாசலில் நிற்பவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்கக் கூடாது என்று நர்ஸ் அக்கா தனியாக ஒரு அறை கேட்டாள். பிரின்சிபால் தன் விருந்தினர் அறையின் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

கேப்டன் அந்தப் போட்டிப் பருவம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து அணிக்காகக் கத்தினாள். அடுத்த பருவத்தில்தான் ஆட டாக்டர் அனுமதித்தார். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. பழையபடி எதிர் அணிகள் ஒதுங்க ஆரம்பித்தன.

ஒரு நாள் நர்ஸ் அக்காவுக்கு டிப்போவிலிருந்து போன் வந்தது. பின்னால் என்ஜின் இரைச்சல்.

"சிஸ்டர், வீட்டம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். மருந்து சாப்பிடறா. இப்ப சின்னப் பொண்ணும், 'எனக்கும் அப்படித்தான்'ங்கறா. இது குடும்பத்துல வருமா?"

"சில சமயம் வரும் அண்ணே. என்ன டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்றவர், போனைக் கையால் பொத்தாமலே யாரையோ பார்த்துக் கத்தினார். "டேய், அந்த என்ஜினை நிறுத்துடா! என் பொண்ணு விஷயம் பேசிட்டிருக்கேன்."