பெடலில் கைவைத்தது யார்

மச்சான் ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிட்டாரைக் கழற்றி வைத்தார். கூட்டங்கூட்டமாக ரசிகர்கள் மயங்கிக் கிடக்கும் அவருடைய கரகரத்த, தேம்பி அழுவது போன்ற ஓசைக்குக் காரணமான, மிதித்து இயக்கும் பெடல்கள் காலடியில் வரிசையாக இருந்தன. அந்தக் குட்டி இரும்புப் பெட்டிகளைச் செய்து, பார்த்துக்கொள்பவன் அவருடைய தங்கை கணவன்.

"மாப்பிள்ளை, இதுல எதையோ மாத்திட்டீங்க. சத்தத்துல உயிரே இல்ல."

"நான் எதுக்கு மச்சான் மாத்தப்போறேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. அவர் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் திறந்து காட்டினான். உள்ளே கம்பிகளின் பழைய பற்றவைப்பு அப்படியே இருந்தது.

"அசலை யாருக்காவது குடுத்துட்டு, அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சு வச்சா எனக்குத் தெரியவா போகுது?" என்றார் மச்சான்.

அன்று முதல் பெடல்கள் அவர் வீட்டிலேயே தங்கின. டிரம்ஸ் வாசிப்பவரிடம் மச்சான் அவனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டது அவன் காதுக்கும் வந்தது. தன்னைக் கழற்றிவிட இது ஒரு சாக்கு என்று அவனும் நினைத்தான்.

"உங்க அண்ணன் வேற ஆளைப் பிடிச்சுட்டாரா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மனைவி. அந்தப் பதிலையும் அவன் நம்பவில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் மச்சான் பெடலில் ஒலியின் கூர்மையைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பிவிடுகிறார். முன்வரிசைக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் மச்சான் சாப்பிட வந்தார். சமையலறையில் மைக்ரோவேவ் பக்கத்தில் தட்டோடு நின்றார். அது கீ கீ என்று கத்தி ஓய்ந்தது, மறுபடி கத்தியது.

"இன்னும் சூடாகலையா?" என்றார்.

அவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் ஜாடை காட்டிக்கிறீங்க?"

"அண்ணா," என்றாள் தங்கை மெதுவாக, "அது அப்பவே கத்திடுச்சு."

அவர் தட்டை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெல்லிய, உயர்ந்த ஒலிகள் இனி அவர் காதுக்குத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் மாப்பிள்ளையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இனிமே திருகு எல்லாம் உங்க பொறுப்பு," என்றார், அவ்வளவுதான்.

அடுத்த கச்சேரியில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மேடையோரம் நின்றவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையாட்டினான். கடைசியில் இறங்கிவந்து, தங்கையிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"நிஜமாவே நல்லா இருந்துச்சா, இல்ல, எனக்காகத் தலையாட்டினாரா?"