துண்டின் மறைவில் பேசிய விலை

இறைவன் தன் அருகே வந்து அமர்ந்திருக்கும் பேற்றுக்கு என்ன விலை என்று கற்றோரைக் கேட்டால், அதற்கு விலையே இல்லை என்பர். கற்றோர் கடைத்தெருப் பக்கம் வருவது குறைவு. இலுப்பங்குடிக் கடைத்தெருவில் சென்ற ஆவணியில் அதற்கும் ஒரு விலை விழுந்தது: மூன்று மூட்டை விதைநெல். விற்றவன் இராயப்பன். கையைவிட்டுப் போன பிறகே பொருளின் மதிப்பை உணர்ந்து, அதைத் திரும்ப வாங்குவதற்கு விலை கேட்டு அன்றுமுதல் அலைந்தவனும் அவனே.

பங்குனித் திங்களின் பெரிய வியாழன் மாலை. மேட்டூர் மதகு அடைபட்ட நாள்முதல் நீரிழந்து, மணல் வெளுத்து, கரையோர நாணலின் நிழலை மட்டுமே சுமந்து கிடந்த குடமுருட்டி ஆற்றின் நெடும்படுகை, கடன் கொடுத்தவர் வந்து தட்டுமுட்டுகளையெல்லாம் அள்ளிச் சென்ற வீட்டைப் போல் வெறிச்சோடியிருந்தது. தையில் நெல்லறுத்த வயல்களிலெல்லாம் உளுந்து நெற்று முற்றிக் கறுத்து, காற்று வந்து தொடுந்தோறும் குழந்தையின் கிலுகிலுப்பை போல் ஒலித்து அடங்கியது. வலங்கைமான் சாலையின் புழுதி பொன்னாய் எழுந்து பனைவரிசையின்மேல் படிய, கொக்குகள் கூட்டங்கூட்டமாய்த் தம் மரங்களை நாடிப் பறக்க, சந்தை கலையும் பொழுதில் விலைபோகாத பூசணியைக் கூடைக்குள் இறக்கும் வாணிகனைப் போல் மேற்கு வானம் கதிரவனை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தது. சூசையப்பர் கோவிலின் மணியோசை அக்காட்சி அனைத்தின்மீதும் பரவிற்று. அவ்வோசை யாவரையும் அமைதிப்படுத்திற்று, நெல்லும் விதையும் விற்கும் வணிகன் இராயப்பன் ஒருவனைத் தவிர.

அவன் தோளில் கிடக்கும் துண்டு அவன் தொழிலின் கொடி. அந்நாட்டுச் சந்தைகளில் பெருவணிகம் வாயால் பேசப்படுவதில்லை. விற்பவன் கையும் வாங்குபவன் கையும் ஒரே துண்டின் கீழ் நுழையும். ஒருவன் விரல்களை மற்றவன் பற்றுகின்ற எண்ணிக்கையே விலை. முகங்களிரண்டும் அப்போது மழையைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். இக்கலையில் இராயப்பனை வென்றவர் அப்பகுதியில் இல்லை. அவனுக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. விடியலில் கடை திறக்குமுன் கோவிலுக்குப் போய், தூணோரத்துப் பலகையில் ஓர் ஆள் அமரும் இடத்தை ஒதுக்கி உட்கார்ந்து, அன்றைய நெல்விலையை ஆண்டவருக்குச் சொல்வான். வேண்டுதல், புகழ்ச்சி, கண்ணீர் ஒன்றும் இராது; நேற்று இன்னது விற்றது, இன்று இன்னது ஏறும் என்னும் வெறும் கடைப்பேச்சு. ஆனால் ஒதுக்கிய இடத்தில் ஒருவர் வந்து அமர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பது போன்ற வெம்மை அவன் தோளருகே நிச்சயமாய் இருக்கும். அவ்வெம்மையோடுதான் அவன் ஆண்டாண்டாய்க் கடை திறந்தான்.

ஆவணியில் செந்தாமரை வந்தாள். சென்னையில் குடியேறிவிட்ட நாகேஸ்வரன் என்பவரின் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் கையாலேயே உழுது நட்டு வாழ்பவள். சம்பாவுக்கு விதை கேட்டாள். இராயப்பனிடம் முந்தைய ஆண்டின் மிச்சம் மூன்று மூட்டை இருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகி நனைந்து காய்ந்தது. புதுச் சாக்கில் மாற்றி, புது விலை சொல்லி, தன் கையாலேயே அவள் வண்டியில் ஏற்றிவிட்டான். அவள் அதை வாய்க்காலில் ஊறவைத்து, வைக்கோல் மூடி முளைகட்டினாள். வெள்ளை முளை தலைநீட்ட வேண்டிய நாளில் சாக்கை அவிழ்த்தவளுக்குப் புளித்த வாடையே கிடைத்தது. நனைந்த மூட்டையைச் சுமந்துகொண்டு, கூட்டம் நிறைந்த நண்பகல் கடைத்தெருவுக்கு வந்து அவன் முன் இறக்கினாள்.

"முதலாளி, ஒரு நெல்லு மூக்கு விடலை பாருங்க. எதை எடுத்து நான் நாத்தங்கால்ல தெளிக்கிறது?"

"இது எங்க கடை மூட்டை இல்லம்மா."

"உங்க கையாலதானே தூக்கிவிட்டீங்க?"

"நூறு பேருக்குத் தூக்கிவிடுறேன். நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் எவனோ, "அப்ப குருசைத் தொட்டுச் சொல்லிடுங்க முதலாளி, பஞ்சாயத்து முடிஞ்சுது," என்றான். தெருமுனையில் கற்சிலுவை ஒன்று நின்றது. இராயப்பன் நடந்துபோய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். வெயிலில் கல் கொதித்தது. இவளுக்கு நான் விதை கொடுக்கவில்லை என்று ஊர் கேட்கச் சொன்னான். அவன் பெயருக்குரியவரும் பன்னிருவரில் முதல்வருமான திருத்தூதர் தம் ஆண்டவரை மறுதலித்தபோது சேவல் கூவியதாக மறைநூல் கூறும். இவன் மறுதலித்தபோது எந்தச் சேவலும் கூவவில்லை. கறிக்கடைக் கூண்டிலிருந்த கோழிகளுக்குத் தம் கவலையே பெரிதாயிருந்தது.

மறுநாள் விடியலில் பலகை வெறும் பலகையாயிருந்தது. இடம் ஒதுக்கினான், நெல்விலை சொன்னான், சொன்னவை, ஆளில்லா வீட்டின் கதவைத் தட்டிய ஓசைபோல் அவனிடமே திரும்பின.

செந்தாமரைக்கு நேர்ந்ததோ இன்னும் கொடிது. கடன்பட்டு வேறு விதை வாங்கி அவள் நடுவதற்குள் பருவம் தப்பிற்று. இளம்பயிர் கார்த்திகை வெள்ளத்தில் அழுகிற்று. முளைகட்டத் தெரியாதவள், பழியை வணிகன்மேல் போட்டவள் என்று ஊர் அவளுக்குப் பெயரிட்டது. அப்பெயர் சென்னைவரை போய்ச் சேர, நாகேஸ்வரன் குத்தகையை வேம்பு என்னும் வேறோர் உழவனுக்கு மாற்ற எண்ணி, பெரிய வெள்ளி விடுமுறையில் நேரில் வந்து முடிப்பதாகச் சொல்லியனுப்பினார். இச்செய்தி இராயப்பன் காதிலும் விழுந்தது. காதில் விழுந்ததை நெஞ்சில் விழாமல் தடுக்கும் வித்தையை வணிகர் குலம் நெடுங்காலமாய்ப் பயின்று வந்திருக்கிறது.

ஆயினும் அவனால் தரித்திருக்க முடியவில்லை. இழந்ததை மீட்க அவன் அறிந்த வழி ஒன்றே: விலை பேசுவது. கோவிலுக்குக் குத்துவிளக்கு வாங்கி வைத்தான், பலகை பேசவில்லை. சுற்றுமதிலுக்கு வெள்ளை அடித்தான், பேசவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தான். உள்ளங்காற் கொப்புளங்களே வரவாயின. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவுத் தொட்டியிலும் மண்டியிட்டான். ஆங்கே தன் சில்லறைக் குற்றங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, "தொழில்ல நாலு பொய் சொல்லியிருக்கேன் சாமி," என்று மொத்த விலைக்குத் தள்ளிவிட்டான். குருவானவர் மூன்று செபம் சொல்லப் பணித்தார். மலிவாய் முடிந்ததென்று மகிழ்ந்து வெளியே வந்தவன், காசு கொடுத்தும் சரக்கு வந்து சேராததைக் கண்டு மேலும் கலங்கினான். உண்ணும்போதும் நடக்கும்போதும் துண்டுக்குள் அவன் விரல்கள் எவருடைய விரல்களையோ தேடி அசைந்துகொண்டேயிருந்தன.

பெரிய வியாழனன்று, ஆண்டவர் தம் சீடர்க்குச் செய்ததை நினைந்து, பன்னிருவரின் கால்களைக் குருவானவர் கழுவித் துடைப்பது திருச்சபை வழக்கம். பெயர்ப்பொருத்தம் கருதி முதல் முக்காலி இராயப்பன் குடிக்கே உரியது என்பது இலுப்பங்குடி வழக்கம். அம்மாலையும் அவன் அதில் அமர்ந்தான். இளங்குருவான பரிதி அடிகள் இடையில் துண்டு கட்டி, அவன் முன் முழந்தாளிட்டு, வலக்காலை ஏந்தி நீர் வார்த்தார். ஆண்டவரின் இடத்தில் நிற்பவர் இதோ காலடியில் இருக்கிறார், கையில் துண்டும் இருக்கிறது, இதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று இராயப்பனின் நெஞ்சு துள்ளிற்று. ஈரம் ஒற்றுவதற்காக அவர் துண்டைக் காலின்மேல் போர்த்திய கணத்தில், அவன் குனிந்து தன் கையை அதனுள் நுழைத்து, குருவின் ஐந்து விரல்களையும் சேர்த்து இறுகப் பற்றினான். சந்தை மொழியில் அது உச்ச விலை. என்னிடம் உள்ளதெல்லாம் தருகிறேன், பொருளைக் கொடு என்பது.

பரிதி அடிகள் திடுக்கிட்டார். அவர் மணப்பாறை மாட்டுத் தரகர் ஒருவரின் மகன் என்பதை இராயப்பன் அறியான். அடிகளின் உதட்டோரம் ஒரு துடிப்பு ஓடி மறைந்தது. பாடற்குழு பாடிக்கொண்டிருக்க, துண்டின் கீழே அவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி, கையைப் புரட்டி, அவன் நெஞ்சை நோக்கித் தள்ளினார். சந்தையில் அதன் பொருள் அனைவரும் அறிந்தது: நான் வெறுந்தரகன்; சரக்குக்கு உரியவரிடம் போய்ப் பேசு. பிறகு அவன் காலைத் துடைத்து, முத்தமிட்டு, தாழ்ந்த குரலில், "கையை எடுங்கண்ணே, இன்னும் பதினோரு பேரு காலு காத்துக்கிட்டிருக்கு," என்று சொல்லி அடுத்த முக்காலிக்கு நகர்ந்தார்.

உரியவர் ஆண்டவர்தாமே, அவரிடம்தானே இத்தனை திங்களாய்ப் பேசுகிறேன் என்று இராயப்பன் புழுங்கினான். புழுக்கம் விடியும்வரை தீரவில்லை. பெரிய வெள்ளிக் காலையில் கோவில் மணி ஓய்ந்து, துயர்நாளுக்குரிய மரத்தட்டியின் வறண்ட ஓசை எழுந்தது. அதனோடு சேர்ந்தாற்போல் செந்தாமரையின் களத்துமேட்டிலிருந்து உளுந்து அடிக்கும் கோல்களின் ஓசையும் வந்தது. இரண்டும் ஒரே ஓசையாய்க் கேட்டன. உரியவர் யார் என்பதை எட்டுத் திங்களாய் அறிந்தே இருந்த நெஞ்சு, அறியாததுபோல் நடிக்கும் வலிமையை அப்போது இழந்தது. செருப்பும் இல்லாமல் களத்துக்கு நடந்தான்.

வேப்பமர நிழலில் நாற்காலியிட்டு நாகேஸ்வரன் அமர்ந்திருந்தார். வேம்பு அருகே கைகட்டி நின்றான். நெல் போன நிலத்தில் உளுந்தாவது மிஞ்சட்டும் என்று விதைத்திருந்த செந்தாமரை, நிலம் கைமாறப்போவதை அறிந்தும், ஆட்களோடு சேர்ந்து கோலை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முதலாளி, ஒருசந்தி நோன்பு நாளும் அதுவுமா வடைக்கு உளுந்து தேடி வந்துட்டீங்களா?" என்றான் வேம்பு.

இராயப்பன் செந்தாமரையின் முன் போய் நின்றான். பழகிய கை பழகியதையே செய்தது: துண்டு வலக்கையின்மேல் விரிந்தது, துண்டோடு கை அவளை நோக்கி நீண்டது. அழிந்த விளைச்சலின் மதிப்பை விரலால் சொல்லிவிட்டால் வாயால் சொல்ல வேண்டியிராது என்பது அக்கையின் கணக்கு.

அவள் கோலை ஊன்றிக்கொண்டு துண்டைப் பார்த்தாள்.

"துண்டை எடுங்க முதலாளி."

"இல்லம்மா, ஒரு சின்னப் பேச்சு..."

"பேச்சுன்னா வாயால பேசுங்க. என்னை யாருன்னே தெரியாதுன்னு சொன்னீங்களே, அன்னிக்குத் துண்டு போட்டு மூடிக்கிட்டா சொன்னீங்க? கடைத்தெரு முழுக்கக் கேட்டுச்சே."

துண்டு கீழே விழுந்தது. எத்தனையோ சந்தைகளை வென்ற கை, வெயிலில், எவர் விரலையும் பற்றாமல், எல்லார் கண்ணிலும் பட நீண்டு நின்றது.

"விதை என் கடையுதுதான்," என்றான். குரல் தாழ்ந்திருக்கக் கண்டு மீண்டும் உரக்கச் சொன்னான். "விதை என் கடையுது. பழைய சரக்கு, கொட்டாய் ஒழுகி நனைஞ்சது. தெரிஞ்சேதான் புதுச் சாக்குல மாத்திக் குடுத்தேன். இந்தம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். குருசுமேல கைவெச்சு நான் சொன்னது பொய்."

கோல்கள் எல்லாம் நின்றுவிட்டன. முதலில் வாய்திறந்தவன் வேம்பு. "முதலாளி, குறுவைக்கு நானும் உங்கக்கிட்டதான் விதை எடுத்து வெச்சிருக்கேன்."

"உனக்குக் குடுத்தது நல்ல விதைதான்டா."

"இனிமே அதை எப்புடி நம்புறது? நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து போடுறேன், எடுத்துக்குங்க."

நாகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்ப இந்தம்மா தொழில்ல குத்தம் இல்லங்கிறீங்க."

"இல்லைங்க. குத்தம் என்னுது."

"சரி. செந்தாமரை, இந்த வருசமும் நீயே பாரும்மா. வேம்பு, உனக்கு வேற எடம் பார்ப்போம்."

அவள் தலையசைத்தாள். இராயப்பன் அங்கேயே நின்றான். மன்னித்துவிடு என்னும் சொல்லை அவன் ஒருவாறு வெளியே கொண்டுவந்தபோது, அவள் அவன் முகத்தை நேராய்ப் பார்த்தாள்.

"நெலத்தைத் திருப்பி வாங்கிக் குடுத்துட்டீங்க. போன பருவத்தை யாரு திருப்புறது? ஊரு என்னைப் பேசின பேச்சை?" குனிந்து அவன் துண்டை எடுத்து, உளுந்துத் தூசி உதறி, நீட்டினாள். "குறுவைக்கு நல்ல விதையா அனுப்பி வைங்க. முளைக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

அன்று பிற்பகல், கூட்டம் வருமுன்னரே, இராயப்பன் கோவிலுக்குள் நுழைந்தான். பெரிய வெள்ளியன்று பீடத்தில் விரிப்பில்லை, விளக்கில்லை. திருப்பேழையின் கதவு திறந்து உள்ளே ஒன்றுமின்றி இருக்கும். ஆண்டுமுழுதும் இறைவன் இருக்குமிடமென்று ஊர் வணங்கும் பேழை, இறைவன் இங்கில்லை என்று தானே ஒப்புக்கொள்ளும் நாள் அது ஒன்றே. அவ்வெறுமையைக் கண்டு இராயப்பனுக்குத் தன் வீட்டைக் கண்டதுபோல் இருந்தது. தூணோரத்துப் பலகையில் ஒருபக்கமாய் ஒதுங்கி உட்கார்ந்தான். நெல்விலை சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. பலகை இன்னும் மரமாகவே இருந்தது. தோளருகே வெம்மை ஏதும் வரவில்லை. வந்தது போலவும் இருந்தது. மேலைச் சாளரத்து வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் மடிமேல் மல்லாந்து கிடந்த அவன் கை, எட்டுத் திங்களில் முதன்முறையாக, எந்த விலையையும் கேட்காமல் சும்மா கிடந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவன் கண்கள் நிறைந்து, அவன் துடைக்க மறக்க, நெடுநேரம் ஒழுகின.

கணக்கறிந்த நல்லீர், இவ்வாணிகத்தின் இற்றைநாள் நிலை இது. போனவை: ஊரில் ஒரு பெயர், வேம்பு முதலாய்ப் பாதி வாடிக்கை. வந்தவை: ஒருத்திக்கு அவள் நிலம், ஒருவனுக்கு அவன் கண்ணீர். செந்தாமரைக்குத் தரவேண்டியது ஒரு சம்பாப் பருவம்; அதில் முளைக்கும் விதை மட்டுமே இனித் தரக்கூடியது. இறைவனுக்குத் தரவேண்டியது எவ்வளவென்று கேட்டு இராயப்பன் இப்போது விரல் நீட்டுவதில்லை. நிலுவை அப்படியே நிற்கிறது. பலகையில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய இடமும் அப்படியே.