அம்மா விட்டுப்போன மூக்குக்கண்ணாடி

அனாதை விடுதியில் அவளுக்குப் பட்டப்பெயர் ஃபிரேம். பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பதில் ஈவிரக்கம் பார்ப்பதில்லையே! நாலு வயதில் அவளை அந்த வாசல் பெஞ்சில் உட்காரவைத்த அம்மா, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். "இது இல்லாம எனக்குக் கண்ணே தெரியாது. இதை விட்டுட்டு எங்கடி போயிடப் போறேன்? இப்ப வந்துடுவேன்."

போனவள் போனவள்தான். அந்த வாரமே லென்ஸ் உடைந்து ஃபிரேம் மட்டும் மிஞ்சியது. தான் உடைத்ததால்தான் அம்மாவுக்கு வழி தெரியவில்லை என்று எத்தனை வருஷம் தலையணையை நனைத்திருப்பாள்!

வளர்ந்து, வேலைக்குப் போய், அலையாய் அலைந்து, ஒருவழியாக அம்மாவின் முகவரி கிடைத்தது. அவள் வருகிறாள் என்று விடுதி வார்டன் முதல்நாளே அங்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஏன் திரும்பி வரவில்லை? கேட்க வேண்டியது அது ஒன்றுதான்.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் நிமிர்ந்தார். "என்னம்மா, கண்ணாடி எங்கே? காலைல பெட்டியோட போறப்பவும் காணோமே!"

யாரிடம் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை.

மாடிப்படியில் வீட்டுக்காரம்மா வழிமறித்தாள். "அதுக்குள்ள வந்துட்டியா? பத்து வயசு குறைஞ்சு போயிருக்கே, என்னடி மருந்து?" சிரித்தவள், கிட்டத்தில் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திச் சுவரோரம் ஒதுங்கினாள். நான் அவங்க இல்லை என்று சொல்ல இவள் வாயெடுத்தாள். அதற்குள் கால்கள் மேலே ஏறிவிட்டன.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே அலமாரி காலி. கட்டில் நுனியில் ஒரு பெண்குழந்தை, நாலு வயதிருக்கும், இவளையே அச்சில் வார்த்த மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. மடியில் மூக்குக்கண்ணாடி. அதே மாதிரிக் கறுப்பு ஃபிரேம்.

"அம்மா எங்கே?"

"இப்ப வந்துடுவா. இது இல்லாம அவளுக்குக் கண்ணே தெரியாது. அவளை மாதிரியே ஒரு அக்கா வருவா, அழாம இருன்னு சொன்னா. நீதானே அது?"

அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். எதுவும் மங்கவில்லை. எதிர்ச்சுவர்க் காலண்டரின் பொடியெழுத்துகூட அப்படியே தெரிந்தது. பவராவது கிவராவது, வெறும் கண்ணாடி! எந்த நேரமும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தாளா, பாவி? அம்மா எங்கேயோ தட்டுத்தடுமாறி வழி தேடுகிறாள் என்றல்லவா இவள் இத்தனை காலம் நம்பியிருந்தாள்! கேட்க வைத்திருந்த கேள்விக்கு இனி வேலையில்லை.

"பசிக்குது," என்றது குழந்தை.

"இரு, கீழே போய் ஏதாவது வாங்கிட்டு வரேன்."

கதவுப் பக்கம் திரும்பினாள். குழந்தை அழவில்லை, பதறவில்லை. ரொம்ப நாள் பழக்கம்போல உள்ளங்கையை நீட்டியது.

"நீ எதைக் குடுத்துட்டுப் போவே?"

கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டேன். நீயும் வா."