உள்பக்கத் தாழ்ப்பாள்

எனக்குப் பூட்டு, சாவி ரிப்பேர் வேலை. என் மனைவியைத் தெருவே 'மைக்' என்றுதான் கூப்பிடும். அவள் அடுப்படியில் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியை மூடிவிட்டு, கட்டடத்தை யாரோ ஒரு பெரிய மனிதருக்குக் குடோனாகக் கொடுக்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வார்டு கூட்டம். எங்கள் தெருவில் இருப்பவர்களில் பாதிப் பேராவது வந்து 'வேண்டாம்' என்று கை தூக்கினால் கொடுக்க முடியாது. எங்கள் மகளுக்கு மூச்சுத்திணறல் உண்டு. இழுப்பு வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடுவோம். அடுத்த ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் மூச்சு தாங்காது.

முதலில் எல்லோரும் தலையாட்டினார்கள். டெய்லரம்மா, "நான் ரெண்டு கையையும் தூக்குறேன்" என்றார். டிரைவர் அண்ணன், "கூட்டம் பத்தலைன்னா பஸ்ஸோட வந்துடறேன்" என்றார்.

பிறகுதான் டெய்லரம்மா என் கடைக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். "தம்பி, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடணும். பெருசா. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான் ஸ்க்ரூ முடுக்கும்போது, தையல் மெஷினில் காலை வைத்தபடி ஓட்டாமலே உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவன் வந்தானாம். செருப்பை வாசலில் கழற்றினானாம். தண்ணீர் கேட்டு வாங்கி, பாதி குடித்தானாம்.

"'உங்க பொண்ணு வேலை முடிஞ்சு வர்ற வழியில லைட்டே எரியறதில்லையே, பாத்து வரச் சொல்லுங்க. நீங்களும் கூட்டம் கீட்டம்னு அலையாதீங்க. அக்கறையில சொல்றேன், உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்'னான். அந்த கிளாஸைக் கழுவ மனசு வரலை. தூக்கிப் போட்டுட்டேன்."

அடுத்து டிரைவர் அண்ணன் வீடு. அப்புறம் மருந்துக் கடைக்காரர் வீடு. அப்புறம் வரிசையாக. அதே சட்டை, அதே பாதி கிளாஸ் தண்ணீர், அதே 'உங்ககிட்ட மட்டும்'. தன் வீட்டுக்கு மட்டும்தான் அவன் வந்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் வந்தான் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வீட்டுக் கதவைப் பற்றி இன்னொரு வீட்டில் பேசுகிற பூட்டுக்காரனை யார் வாசலில் ஏற்றுவார்கள்?

வியாழக்கிழமை மனைவி வந்து பையைத் தொப்பென்று போட்டாள். "நாளைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேலை வந்துடுச்சாம். நான் யாரையாவது எடுத்தெறிஞ்சு பேசிட்டேனாங்க?" அவள் கண் கலங்கியிருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனைவி மகளோடு கூட்டத்துக்குப் போன பிறகு, அவன் என் கடைக்கு வந்தான். தரையெல்லாம் இரும்புத்தூள் கிடக்கும் கடை. அங்கே செருப்பைக் கழற்றிய முதல் ஆள் அவன்தான். தண்ணீர் கேட்டான். பாதி குடித்தான். ஒரு சாவியை மேஜைமேல் வைத்தான்.

"இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்க."

கையில் எடுத்ததுமே அடையாளம் தெரிந்தது. மழைக்காலத்தில் எங்கள் கதவு மக்கர் பண்ணும் என்று நானே ஒரு பல்லை அரத்தால் தேய்த்திருந்தேன். என் வீட்டுச் சாவி. போன வாரம் பள்ளிக்கூடத்தில் அதைத் தொலைத்துவிட்டேன் என்று மகள் அழுதாள். நான்கூட அவளைத் திட்டியிருந்தேன்.

"யார் வீட்டுதுங்க?"

"தெரிஞ்சவங்க வீடு. அவசரமே இல்ல. கூட்டம் முடியற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். உங்களுக்கும் வேற எங்கயும் போற வேலை இல்லையே?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மெஷினைப் போட்டேன். சாவியைப் பொருத்தினேன். இவன் இந்தத் தெருவில் என்ன செய்தான்? தண்ணீர் குடித்தான், அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக அடைத்து, ஸ்க்ரூ முடுக்கி, வாயையும் மூடிக்கொண்டு வந்தவன் நான். பயத்தையும் மீறி ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மெஷினை நிறுத்தினேன். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடையைவிட்டு இறங்கினேன். அவன் தடுக்கவில்லை. சாவியைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

நடுத்தெருவில் நின்று, என்னிடம் இருக்கும் தொண்டையை வைத்துக் கத்தினேன்.

"டெய்லரம்மா! உங்க வீட்டுக்குப் போட்ட அதே தாழ்ப்பாளத்தான் டிரைவர் அண்ணன் வீட்டுக்கும் போட்டேன்! மருந்துக் கடைக்காரர் வீட்டுக்கும் போட்டேன்! எல்லார் வீட்டுக்கும் அதே ஆளுதான் வந்தான்! 'உங்ககிட்ட மட்டும்'னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கான்! இப்ப என் கடையில உக்காந்திருக்கான், வந்து பாருங்க!"

தெருவில் ஈ, காக்கா இல்லை. யார் வீட்டிலோ டிவி நின்றது. எனக்கு அவமானமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு தாழ்ப்பாள் சத்தம். எல்லாம் நான் போட்டவை. சாத்துகிற சத்தம் எது, திறக்கிற சத்தம் எது என்று எனக்குத் தெரியும். டெய்லரம்மா கதவு திறந்தது. எதிர்வீடு திறந்தது. டிரைவர் அண்ணன் பனியனோடு வெளியே வந்தார். எல்லோருமாகக் கடைப்பக்கம் திரும்பினால், ஸ்டூல் காலி.

கூட்டம் நடக்கிற ஹாலில் நாற்காலிகள் வெறுமனே கிடந்தன. மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மொத்தத் தெருவும் உள்ளே நுழைவதைப் பார்த்து மைக்குக்கே பேச்சு வரவில்லை. கைகள் எழும்பின. டெய்லரம்மா சொன்னபடியே இரண்டு கையையும் தூக்கினார். "ஒண்ணு போதும்மா" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தோம். ஆஸ்பத்திரி தப்பித்தது. நான் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

இருட்டத் தொடங்கியபோது எங்கள் வாசல்வரை எல்லோரும் கூடவே வந்தார்கள். கதவுப் பூட்டில் ஒரு சாவி செருகியிருந்தது. என் சாவி பாக்கெட்டில் இருந்தது. இது பளபளவென்று புதிது, வேறு எவனோ வெட்டியது.

உள்ளே எதுவும் களவு போகவில்லை. மேஜைமேல் பாதி கிளாஸ் தண்ணீர். பக்கத்தில், அலமாரியில் இருக்கவேண்டிய மகளின் இன்ஹேலர்.

"நமக்கும் ஒரு தாழ்ப்பாள் போடுங்க" என்றாள் மனைவி. அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் தெருவுக்கே போட்டு முடித்திருந்தேன்.

நிலைப்படியில் நின்று கிளாஸைப் பார்த்த டெய்லரம்மா திரும்பி நடந்தார். அவ்வளவுதான், மறுபடி பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். ஒரு கையில் தாழ்ப்பாள், இன்னொரு கையில் ஸ்க்ரூக்கள்.

"எங்க வீட்டுதைக் கழட்டிட்டேன். இதைப் போடுங்க தம்பி."

"அப்ப உங்க வீட்டுக்கு?"

அவர் தெருக்கோடியைப் பார்த்தார். அந்தப் பக்கம் லைட் எரியவில்லை.

"பொண்ணு வரட்டும். ரெண்டு பேரும் இங்கயே படுத்துக்கறோம். இந்நேரத்துக்கு வந்திருக்கணுமே."

டிரைவர் அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார். தெருவே அவர் பின்னால் நடந்தது. கதவைச் சாத்த எவருக்கும் தோன்றவில்லை. லைட் இல்லாத திருப்பத்தில் என் மனைவி மகளை என் தோளில் ஏற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, இருட்டுக்குள் அந்தப் பெண்ணை உரக்கக் கூப்பிட்டாள். பதில் வருகிறதா என்று எல்லோரும் நின்று கேட்டோம்.