பதினான்கு டெசிபல்

அப்பாவை ஏற்றினால் அம்மாவும் கூடவே ஏறினாள். காலையிலிருந்து சின்னவளுக்கு அதுதான் தலைவலி.

மடிக்கணினித் திரையில் அப்பாவின் குரல் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய கோடாகக் கிடந்தது. நடுநடுவே மலைமலையாக எழுந்து நின்றது அம்மாவின் குரல். எல்லாம் அப்பா சின்னவளுக்குக் கைபேசியில் அனுப்பிய குரல் செய்திகள். கேஸ் வந்துவிட்டது, மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள். அதற்கு மேல் அவருக்குச் செய்தி கிடையாது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் பின்னால் எங்கிருந்தோ அம்மா பேசிக்கொண்டிருந்தாள். பதினான்கு டெசிபல் உயர்த்தினால்தான் அப்பா கீழ்த்தளத்து மண்டபத்தில் நாலு பேர் காதில் விழுவார். உயர்த்தினால் அம்மா வரும் இடத்தில் அளவுமானி சிவப்பில் முட்டிக் குரல் கிழிந்தது. போதாததற்கு ஃபிரிட்ஜின் உறுமல் வேறு.

அப்பா முந்தின நாள் சாயங்காலம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருகிறவர்களின் மூக்கில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இப்ப தெளிவா இருக்கா?" என்று அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டே பழகிய குரல். அவர் போன நேரத்தில் அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, வருவதாகச் சொல்லி வராத வாஷிங் மெஷின் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டி முடித்து, டம்ளரை எடுக்கக் கூடத்துக்கு வந்தபோது டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. அவர் எப்போது போனார், எந்தப் பேச்சுக்கு நடுவில் போனார் என்று யாருக்கும் தெரியாது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "எப்பவுமே பதில் சொல்ல மாட்டார். அதான் எனக்குத் தெரியாமப் போச்சு." சொல்லச் சொல்ல அது தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

உடலை எடுப்பதற்கு முன் அப்பாவின் குரலைப் போட்டுக் காட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் பெரியவன். தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒலி சரிசெய்கிறவள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது கேட்பானேன்? காலையிலிருந்து நாலைந்து தடவை அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டான். ஒரு பொத்தானை அழுத்தினால் சத்தம் கூடாதா என்றான். பின்னால் புல்லாங்குழல் போட்டால் உருக்கமாக இருக்கும் என்றான். கடைசியாக வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா கத்தறத மட்டும் எடுத்துடு. அத்தன பேர் முன்னாடி மானம் போகும்."

"ரெண்டும் ஒரே பதிவுல இருக்குண்ணா. இது என்ன, அரிசியில கல் பொறுக்கறதா?"

"அப்ப உன் படிப்பெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போன சூட்டோடு யாரோ வந்து தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டும் என்று மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிக் கெட்டிலைச் செருகினார்கள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு கெட்டில் பாடி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் பதிவைத் துண்டு துண்டாக நறுக்கினாள். அம்மா பேசும் துண்டுகளை இறக்கினாள். அப்பா பேசும் துண்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். அம்மா மூச்சு வாங்கும் இடைவெளிகள் மிச்சமிருந்தன. வெறும் ஃபிரிட்ஜ் சத்தம்தானே, வெட்டி எறியலாம் என்று நினைத்தவள், வெட்டுவதற்கு முன் வழக்கப்படி ஏற்றிக் கேட்டாள்.

"பாத்ரூம் லைட்ட அணைச்சீங்களா?" என்றாள் பதிவில் அம்மா.

"அணைச்சாச்சு" என்றார் அப்பா.

சின்னவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அடுத்த துண்டு. அதற்கும் அடுத்தது. மருந்து சாப்பிட்டீங்களா என்றால், ஆச்சு. பால்காரர் வந்தாரா என்றால், இன்னும் இல்ல. ஒரு பதிவில் அம்மா பொறுமையிழந்து, "யார்கிட்ட பேசறேன் நான், சுவர்கிட்டயா?" என்று கத்தினாள். அவளுக்குக் கேட்டுவிடாதபடி, கிட்டத்தட்ட சிரித்துக்கொண்டு, அப்பா சொன்னார்: "சுவர் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

ஒன்றுக்குக்கூட அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

அப்படியென்றால், நேற்றுச் சாயங்காலம் மட்டும்தான் சொல்லவில்லை. அந்த எண்ணம் வந்ததும் சின்னவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். வெளியே அம்மா யாரிடமோ அந்த வழவழத்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். சின்னவள் பதில்கள் இருந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து, அளவைக் கீழே, ஒன்றும் கேட்காத அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அம்மாவே வந்தாள். பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லையாமே என்று ஆரம்பித்தவள், திரையைப் பார்த்து நின்றாள்.

"நான் கத்தறத எல்லாம் எடுக்கச் சொன்னானாமே பெரியவன்?"

"எடுக்கல. குறைச்சிருக்கேன்."

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "இதுல எங்கிட்ட பேசுனது ஏதாவது இருக்கா? ஒரு வார்த்த?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சின்னவளின் வாய்வரை வந்தது. ஆனால் கை தானாகப் போய் அளவைப் பழையபடி மேலே ஏற்றியது. ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் நரைத்த தலையில் மாட்டினாள்.

அம்மா கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முடிந்ததும் விரலைச் சுழற்றி இன்னொரு தடவை என்றாள். மறுபடியும் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் வயரை நீவினாள்.

"இவ்வளவு மெல்லமாச் சொன்னா எந்தக் காதுல விழும்?" என்றாள் கடைசியில். அசல் கோபம். "வாயத் தொறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

சின்னவள் ஹெட்போனை வாங்கிக்கொண்டாள்.

"அத எடுத்துடாத" என்றாள் அம்மா, எழுந்துகொண்டே. "ரொம்பவும் ஏத்தாத. அவர் அவ்வளவுதான் பேசுவார்."

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் கையைப் பிடித்து, எப்படி ஆச்சு என்று கேட்டாள். "எப்பவுமே..." என்று தொடங்கிய அம்மா, அதற்கு மேல் போகாமல் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே இருந்த சிறிய மண்டபத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகள் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். சின்னவள் பதிவை ஓட விட்டதும் மைக் செட்காரர் உதட்டைப் பிதுக்கினார். சத்தம் பத்தவில்லை என்றார். பெரியவன் முன்வரிசையிலிருந்து கையை மேலே மேலே தூக்கிக் காட்டினான். மைக் செட்காரர் சத்தம் கூட்டும் திருகைத் தொடப் போனார். வேண்டாம் என்று சின்னவள் தலையாட்டினாள். பெரியவன் எழுந்தே விட்டான்.

அதற்குள் அம்மா எழுந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் சுவரோரம் நடந்து போய், மண்டபத்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். றெக்கைகள் ஓய்ந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லோருக்கும் வியர்த்தது. ஒருவரும் விசிறிக்கொள்ளவில்லை. அம்மா சுவிட்சின் மேல் விரலை வைத்தபடியே, காதைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.