மறுபடியும் ஊசி

தொண்ணூற்றாறு சதவீத மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டாயிற்று என்று செயலரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனாரின் போன் வந்தது. இரண்டு முறை கட் செய்தார். மூன்றாவது முறை எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"அண்ணி, ஊசி போட்ட மாட்டுக்கே வாயில நுரை தள்ளுது. ஒண்ணில்ல, மூணு மாடு. இதுக்கா வேலை மெனக்கெட்டு வரிசையில நின்னேன்? நீங்க சொன்னீங்கன்னுதானே போட்டேன்!"

கால்நடைத் துறையில் அவர் கூடுதல் இயக்குநர். முதல் இருபது வருடம் தொழுவங்களில் கழிந்தது. அடுத்த பதினொன்று கோப்புகளில். எந்த நோய்க்கு எப்போது ஊசி, எப்போது சந்தையை மூடுவது என்று விதி எழுதுவது அவர் மேசைதான். அடுத்த மாதம் இயக்குநர் நாற்காலி அவருக்கு என்பது லிஃப்ட்காரருக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் காலை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நாத்தனாரின் தொழுவத்தில் நின்றார். ஒரு மாட்டின் நாக்கை இழுத்துப் பார்த்தார். தோல் உரிந்து கையோடு வந்தது. குளம்பு இடுக்கிலும் புண். சந்தேகமே இல்லை, கோமாரிதான். தடுப்பூசி அட்டையிலிருந்த பேட்ச் நம்பரை இரண்டு முறை படித்தார். கிடங்கிலிருந்து அந்த மருந்தை வெளியே அனுப்ப ஒப்புதல் கொடுத்தது அவர்தான்.

அலுவலகம் திரும்பிக் கோப்பை எடுத்தார். குளிர்கிடங்கின் வெப்பநிலைத் தாள்: காலை நாலு டிகிரி, மாலை நாலு டிகிரி, முப்பது நாளும் நாலு. ஒரே பேனா, ஒரே சாய்வு. புயலில் மூன்று நாள் மின்சாரமே இல்லாதபோதும் நாலு. குளிர் போனால் மருந்து வெறும் தண்ணீர். கீழே அவருடைய கையெழுத்து. அன்று இதைப் பார்த்தேனா, வெறுமனே புரட்டினேனா என்று யோசித்தார். புரட்டித்தான் இருக்கிறார்.

கிடங்குக்காரரைக் கூப்பிட்டதும் மனிதர் உடைந்துவிட்டார். "ஜெனரேட்டர் ஓடலம்மா. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. நாலுன்னே எழுதி வச்சிட்டேன்."

ஆய்வக அதிகாரி மட்டும் தயங்கினார். "மேடம், மூணு மாட்ட வச்சு எதுவும் சொல்ல முடியாதே."

"சொல்ல வேணாம். நூத்திருபது மாட்டோட ரத்தம் கொண்டு வர்றேன், அப்புறம் சொல்லுங்க."

நான்கு நாள் ஜீப்பில் அலைந்தார். கழுத்து நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது கைக்கு மறக்கவில்லை; இடுப்புதான் மறந்திருந்தது. முடிவு வந்தது. நூற்றிருபதில் நோய் எதிர்ப்பு இருந்தது நாற்பத்தொரு மாடுகளுக்கு மட்டும்.

செயலர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வாரம் கோமாரி இல்லாத பகுதின்னு அறிவிக்கச் சொல்லி விண்ணப்பம் போகுது. ஒரு மாசம் பொறுங்களேன்."

"ஒரு மாசத்துல நாலு சந்தை கூடும் சார். ஊசி போட்டாச்சுங்கற தைரியத்துல மாட்ட ஓட்டிட்டு வருவாங்க. அப்புறம் நாம துரத்தவே முடியாது."

"மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது யாரு? இது வெளிய வந்தா உங்க தலைதான் உருளும்."

"தெரியும் சார். சந்தைய மூடச் சொல்லி எழுதின குறிப்புல முதல் பத்தியே அதுதான்."

செயலர் அதை வாங்கிப் பார்த்தார். வெப்பநிலைத் தாளைச் சரிபார்க்காமல் நான் ஒப்புதல் அளித்தேன் என்று தெளிவாக எழுதியிருந்தது. "நீங்க இத எழுதாம விட்டிருந்தா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லி நானும் தப்பிச்சிருப்பேன்" என்று முணுமுணுத்துவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

சந்தைகள் மூடப்பட்டன. விண்ணப்பம் நின்றது. புது மருந்து வந்தது. இயக்குநர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. இவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஒரே பக்கத்தில் பதில் எழுதினார், சாக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மறுநாள் ஏழு மணிக்கே ஜீப் ஏறினார்.

மாடு வளர்ப்பவர்களின் கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். "தண்ணிய ஊசில அடைச்சுப் போட்டீங்களா?" என்று கத்தினார்கள். அடங்கும்வரை நின்று, தவறு எங்கே நடந்தது, அதில் தன் பங்கு என்ன என்று சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து நாத்தனார் எழுந்தாள். இரண்டு கன்றுகளைப் பறிகொடுத்தவள். மூன்று வாரமாக அண்ணியோடு பேச்சில்லை.

"இனிமே மருந்துப் பெட்டிய எங்க கண்ணு முன்னால திறக்கணும். உள்ள எவ்வளவு சில்லுனு இருக்குன்னு நாங்க பாத்தப்புறம்தான் மாட்டப் பிடிப்போம்."

கூட்டம் ஆமாம் போட்டது. அண்ணி அதை அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாத விதிமுறையில் அது ஏழாவது பிரிவாக வந்தது: தெர்மாமீட்டரை மாட்டின் உரிமையாளருக்குக் காட்டாமல் ஊசி போடக் கூடாது.

புது மருந்தை எல்லா மாட்டுக்கும் போட்டு, மறுபடியும் ரத்தம் எடுத்தபோது நூற்றிருபதில் நூற்றுமூன்று தேறியது. ஆய்வக அதிகாரி வாழ்த்தச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மீதி பதினேழு எந்தெந்த வீட்டு மாடுன்னு லிஸ்ட் குடுங்க" என்று கை நீட்டினார் அவர்.